பந்தியில் முதல் இலை யாருக்கு?

ஜொகூர் மாநிலத்து இஸ்கந்தர் புத்ரியில் 2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறப்புவிழாக் கண்ட சுல்தான் இப்ராகிம் விளையாட்டரங்கம், ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் அமரத்தக்கது. வாழையிலையின் தோற்றத்தை மனத்திற்கொண்டு அதனை வடிவமைத்தனர் என்பர். வாழையிலை என்றதும் தமிழர் நெஞ்சில் பந்தி தோன்றும். பந்தி என்றதும், முதல் இலை யாருக்கு என்னும் பழைய வழக்கும் கூடவே தோன்றும். காற்பந்து அரங்குகளில் இன்று எழுந்திருக்கும் வழக்கும் இதுவேதான். பந்தி மாறியிருக்கிறது, பூசல் மாறவில்லை.

பருவச் சீட்டு என்பது, ஒரு பருவத்தில் தம் அணி சொந்தத் திடலில் ஆடும் ஆட்டங்களுக்கு ஒரே தொகையை முன்னதாகச் செலுத்திப் பெறும் நுழைவுரிமை. அதனை வாங்கியோர்க்கு நுழைவு மட்டும் போதாது, வேறு சிறப்புகளும் வேண்டும் என்னும் கோரிக்கை விளையாட்டு செழித்த நாடுகளிலெல்லாம் எழுந்துள்ளது. ஆண்டு முழுவதும் அவர்க்கென ஓர் இருக்கை. கூட்டத்தோடு நில்லாமல் உள்ளே செல்லத் தனிவாயில். வாயிலருகே வண்டி நிறுத்த இடம். இவற்றுக்கெல்லாம் மேலாக, இறுதியாட்டத்துச் சீட்டு விற்பனைக்கு வருங்கால் பிறர்க்கு முன்னதாக வாங்கும் உரிமை. இவை நியாயமே என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். நியாயமன்று என்று மறுசாரார் முழங்குகின்றனர். இரு சாராரும் அணியின் மேல் கொண்ட அன்பையே சான்றுக்கு அழைப்பதால் வாதம் முடிவதில்லை.

அன்பை ஒருபுறம் வைத்துவிட்டு, அளவுகோல் ஒன்றைக் கையில் எடுத்தால் தீர்ப்பு எளிதாகும். கழகம் தன் கைப்பொருளிலிருந்து எடுத்துத் தருவது சலுகை. வேறொரு ரசிகனின் கையிலிருந்து பிடுங்கித் தருவது சலுகையன்று, பறிப்பு. பருவச் சீட்டு வாங்கியவர்க்கு விலையில் தள்ளுபடி கொடுக்கட்டும்; அணியின் சட்டையைக் குறைந்த விலைக்கு வழங்கட்டும்; ஆட்டக்காரர்களோடு அமர்ந்து தேநீர் அருந்த ஒருநாள் அழைக்கட்டும். இவற்றால் இழப்பார் எவருமில்லை. ஆனால் இருக்கை, வரிசை, இறுதியாட்டத்துச் சீட்டு என்னும் மூன்றும் அத்தன்மையன அல்ல. அவை எண்ணி வைத்தவை. ஒருவர்க்கு முன்னதாகக் கொடுத்த ஒவ்வொன்றும் மற்றொருவர்க்கு இல்லையென்று சொன்ன ஒன்று. கொடுப்பவன் கை கழகத்தின் கைபோலத் தோன்றினும், இழப்பவன் வரிசையின் கடையில் நிற்கும் ஏழை ரசிகனே.

எதிர்வாதத்தையும் முழுமையாகக் கேட்டல் வேண்டும். நடுவு நிலைமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழிவந்தோர் ஒருபக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. பருவச் சீட்டுக்காரர் கூறுவது இது: “அணி வெல்லுமோ தோற்குமோ என்பது தெரியாத காலத்திலேயே பணத்தைக் கட்டியவர்கள் நாங்கள். அப்பணத்தைக் கொண்டுதான் கழகம் தன் ஆண்டுக் கணக்கைத் தொடங்குகிறது. பெயரற்ற எதிரணியோடு மழைநாள் இரவில் நடந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் நாங்கள். இறுதியாட்டம் என்றதும் எங்கிருந்தோ முளைத்து வருபவன் எங்களுக்கு முன்னே நிற்பது முறையோ?” இதில் உண்மை உண்டு. மழைநாளில் வந்தவனுக்கு மரியாதை வேண்டும் என்பதை மறுப்பார் யார்?

ஆயின், அவர்கள் வாதத்தைக் கூர்ந்து நோக்கினால் அதனுள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் ஒளிந்திருத்தல் புலப்படும். ஒருவன் முன்பணம் கட்டியவன். மற்றொருவன் மழையில் வந்தவன். இருவரும் ஒருவராகவே இருத்தலும் உண்டு, இல்லாதிருத்தலும் உண்டு. முன்பணம் கட்டிவிட்டுப் பெரிய ஆட்டங்களுக்கு மட்டும் எழுந்தருள்பவர் உளர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அன்றன்று சீட்டு வாங்கி, ஒன்றையும் தவறவிடாமல் வருபவரும் உளர். மழையில் வந்தவனின் பெருமையைக் காட்டி, முன்பணம் கட்டியவனுக்குப் பரிசு கேட்பதே இவ்வாதத்தின் சூழ்ச்சி. பற்றுக்குப் பரிசு என்கிறார்கள்; அளப்பதோ பணப்பையை. நாட்கூலிக்கும் வாரக்கூலிக்கும் உழைப்பவனால் ஓர் ஆட்டத்தின் விலையைத் தேடிக்கொள்ள முடியும். ஓராண்டின் விலையை ஒரே நாளில் வைக்க முடியாது. அவன் பற்றில் குறைந்தவன் அல்லன். மொத்தப் பணத்தில் குறைந்தவன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கணக்கு, கணக்கறியாதார் கணக்கு.

ஜொகூர் காற்பந்தின் வரலாறே இதற்குச் சான்று. 1964இல் எழுந்த லார்க்கின் அரங்கம், மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த ஹசான் யூனுசின் பெயரைத் தாங்கி நிற்பது. 1985ஆம் ஆண்டும் 1991ஆம் ஆண்டும் ஜொகூர் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அந்த லார்க்கின்தான் மாநில அணியின் வீடு. 1997 நவம்பரில் ஜப்பானும் ஈரானும் அங்கே மோதி, கூடுதல் நேரத்தில் அடித்த பொற்கோலால் ஜப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. ஜப்பானியர் அந்நாளை இன்றும் ஜொகூர் பாருவின் பெயராலேயே நினைவுகூர்கின்றனர். அவ்வரங்கின் மிகப் பெரிய சிறப்பு எது? பேருந்து நிலையம் அதற்கு அருகில் இருந்தது. கூலாயிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் பேருந்தில் வந்தவன், இறங்கி நடந்தே அரங்குக்குள் புகலாம். வண்டி வேண்டா, வண்டி நிறுத்த இடமும் வேண்டா.

2013இல் ஜொகூர் டாருல் தாக்சிம் என்னும் பெயர் பூண்ட கழகம், 2015இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்றது. தென்கிழக்காசியாவில் அக்கிண்ணத்தை வென்ற முதல் கழகம் அதுவே. 2014 தொடங்கி ஆண்டுதோறும் நாட்டின் உயர்நிலைக் கூட்டிணைவுப் பட்டம் ஜொகூருக்கே வந்தது. புகழ் பெருகப் பெருக அரங்கமும் பெரிதாயிற்று. நகரின் நடுவைவிட்டு விலகி இஸ்கந்தர் புத்ரிக்கும் சென்றது. வளர்ச்சியைக் குறைகூறுதல் நோக்கமன்று. ஆயினும், சொந்த வண்டி உடையவனுக்கே வசதியாகிவிட்ட ஓரிடத்தில், வண்டி நிறுத்தும் இடத்தையும் தனிச்சலுகையாகப் பங்கிட்டால், பேருந்துக்காரன் இருமுறை பின்தள்ளப்படுவான். அரங்குக்குப் பக்கத்து ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உள்ளது. கல்விக் கடனில் நாளை ஓட்டும் மாணவன் பருவச் சீட்டுக்கு எங்கே போவான்? நாளைய ரசிகனும் நாளைய ஆட்டக்காரனும் இன்று வரிசையின் கடைசியில் நிற்பவர்களே. நெடுங்கரங்களால் ‘ஸ்பைடர்மேன்’ எனப் போற்றப்பெற்ற இலக்குக் காவலர் ஆர். ஆறுமுகம், 2010இல் தென்கிழக்காசிய வெற்றிக் கிண்ணத்தைத் தேசிய அணிக்குப் பெற்றுத்தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால், ஜொகூர் அணியின் சட்டையணிந்து பந்தின் பின்னே ஓடிய எஸ். குணாளன் ஆகியோரின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளி மாணவன் பெருமையோடு சொல்கிறான். பெயரை மட்டும் மனனம் செய்தால் போதுமா? ஆட்டத்தை நேரில் காணும் வாய்ப்பும் அவனுக்கு வேண்டுமன்றோ?

கடல்கடந்த நாடுகளின் நடப்பு இரு பாடங்களையும் காட்டுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் பலவற்றில், பருவச் சீட்டுக்கு விலை கொடுத்தால் மட்டும் நல்ல இருக்கை கிட்டாது. அவ்விருக்கையை வாங்கும் உரிமைக்கே தனியாக ‘நன்கொடை’ தரல் வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்நன்கொடையில் நூற்றுக்கு எண்பது பங்கை அறக்கொடையாகக் கருதி வரிக்கழிவு அளித்தது. இருக்கைக்குத் தந்த விலைக்கு அறம் என்று பெயரிட்ட அவ்விந்தை, 2017 இறுதியில் நிறைவேறிய வரிச் சட்டத்தால்தான் நீங்கியது. இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாட்டின் பொதுக்கருவூலம், செல்வர் முன்வரிசையில் அமர்வதற்கு மறைமுகமாகத் துணைநின்றது. சலுகை என்னும் சிறுவிதை எத்துணைப் பெருமரமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. அதன் கூடைப்பந்து அரங்கம் சிறியது. 9,314 பேர்தாம் அமரலாம். எனினும் ஆடுகளத்தை ஒட்டிய இடத்தை அது இளங்கலை மாணவர்க்கே ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் பணம் கொடுத்து அவ்விடத்தைப் பெறுவதில்லை; காத்திருந்து பெறுகின்றனர். பெரிய ஆட்டங்களுக்கு முன்னே, குளிர்காலத்தில் அரங்குக்கு வெளியே கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் 1986 முதல் அங்கே நிலைபெற்றுள்ளது. காத்திருப்பு என்னும் நாணயம் எல்லார் கையிலும் சமமாக உள்ளது, பணம் அவ்வாறன்று.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் 2016 பிப்ரவரி 6ஆம் நாள் நிகழ்ந்ததும் எண்ணத்தக்கது. புதிதாக எழும்பிய பகுதியில் உயர்ந்த விலைச் சீட்டு 77 பவுன் என்று கழகம் அறிவித்திருந்தது. அன்றைய ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது அவர்கள் அணி இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும்போது இரண்டுக்கு இரண்டு எனச் சமனாகியிருந்தது. சில நாட்களில் கழக உரிமையாளர்கள் வருத்தம் தெரிவித்து விலையுயர்வைக் கைவிட்டனர். உள்ளே இடம் கிடைத்துவிட்டவர்கள், வெளியே நிறுத்தப்படப் போகிறவர்களுக்காக எழுந்தனர் என்பதே அந்நாளின் சிறப்பு. பருவச் சீட்டுக்காரர்கள் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

அங்ஙனமாயின் மழைநாளில் வந்தவனுக்கு மரியாதை செய்யும் வழி யாது? வழி உண்டு. முதலாவதாக, முன்னுரிமையைப் பணத்தின்மேல் வைக்காமல் வருகையின்மேல் வைத்தல் வேண்டும். வாயிலில் சீட்டைப் பதியும் கருவி, வந்தவன் யார், வராதவன் யார் என்று அறியும். பருவத்தில் இத்தனை ஆட்டம் வந்தவர்க்கு இறுதியாட்டத்துச் சீட்டில் முதல் முறை என்று விதித்தால், பருவச் சீட்டுக்காரரும் ஒற்றைச் சீட்டுக்காரரும் ஒரே தராசில் நிற்பர். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழகம், சொந்தத் திடல் ஆட்டங்களுக்குப் போதிய அளவு வாராதோரின் பருவச் சீட்டைப் புதுப்பிக்க மறுக்கும் விதியைக் கொண்டுவந்ததும் இந்நோக்கத்தாலேயே. இரண்டாவதாக, வர இயலாதவர் தம் இருக்கையை முன்னறிவித்து விட்டுக்கொடுத்தால், அது விற்ற தொகையில் அவர்க்கும் ஒரு பங்கு தரலாம். பார்சலோனாக் கழகம் இம்முறையைக் கையாண்டுள்ளது. வெற்றிருக்கையைப் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? பூட்டிய இலையில் ஈ மொய்க்கும். பசித்தவன் வாசலில் நிற்பான். மூன்றாவதாக, எவ்வாட்டமாயினும் ஒரு பகுதி இருக்கைகள் ஆட்ட நாளில் வருபவர்க்கும் மாணவர்க்கும் எனத் தனியே வைக்கப்பட வேண்டும். இவை மூன்றும் நடந்தால், பருவச் சீட்டுக்காரரின் உண்மையான பெருமைக்கு ஊறு வாராது. வந்தவர் பெறுவார், வாராதவர் வருவார் அல்லது விட்டுக்கொடுப்பார்.

இதனை ஆசிரியரும் மாணவரும் படிக்கும் நூலில் எழுதுவானேன் என்று வினவலாம். காற்பந்து அரங்கின் நோய் காற்பந்து அரங்கோடு நிற்பதில்லை என்பதே விடை. தமிழ்நாட்டுக் கோயில்களில் சிறப்புத் தரிசனக் கட்டணம் செலுத்தியவர் விரைந்து செல்ல, பொது வரிசையில் நிற்கும் முதியவள் தூணைப் பிடித்தபடி நகர்கிறாள். தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாவில் பந்தலின் நிழலும் மெத்தை நாற்காலியும் நன்கொடையாளர்க்கு. ஓடிவரும் பிள்ளையின் தாய் வேலிக்கு அப்பால் வெயிலில். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு திடலிலும் இவ்வாறு நாற்காலி போடும் ஒவ்வொரு முறையும், பள்ளி ஒரு பாடம் நடத்துகிறது. அப்பாடம் பாடத்திட்டத்தில் இல்லை.

நூல் வெளியீட்டு விழாவில் முதற்படியைப் பெருந்தொகை கொடுத்துப் பெறும் வழக்கமும் இத்தகையதே எனச் சிலர் கூறுவர். அன்று. முதற்படியைப் பெற்றவர் எவருடைய படியையும் பறிக்கவில்லை. எழுத்தாளரின் அச்சுக்கடன் குறைந்தது. பின்னே அமர்ந்தவர்க்கும் நூல் கிடைத்தது. அது கைப்பொருளால் செய்த மரியாதை. ஆனால் அவரை அமர வைப்பதற்காக, முன்னதாக வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவனை எழுப்பிப் பின்னே அனுப்பினால், அக்கணமே மரியாதை பறிப்பாகிவிடுகிறது. எல்லைக்கோடு அங்கேதான் உள்ளது. அதனைக் கண்டறிவதற்குப் பெரும்படிப்பு வேண்டா. எழுப்பப்பட்டவனின் முகத்தைப் பார்த்தால் போதும்.

ஆதலின், பருவச் சீட்டுக்காரர்க்கு நன்றி கூறுக. அவர்க்குத் தள்ளுபடி தருக. அவர் பெயரைச் சுவரில் பொறித்தும் வைக்க. பிறர் இடத்தை எடுத்துத் தரற்க. அடுத்த விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடும் பள்ளிகள், முதல் வரிசை நாற்காலிகளை ஓடும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு விட்டு வைக்கட்டும். நன்கொடையாளர் இரண்டாம் வரிசையிலும் நன்றாகவே காண்பர்.