முதலில் பாவாடை தைக்கக் கற்போம்

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பல டெய்லர் கடைகள் புதிய ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடும். ரவிக்கைதான் அங்கே தலையாய வேலை. அதன் நடுவே பிள்ளைகளுக்குப் பாவாடை, சேலைக்கு உள்பாவாடை, சீருடையின் இடுப்பைத் தளர்த்துவது, ஓரம் மடித்துத் தருவது என்று சில்லறை வேலைகளும் வந்து சேர்கின்றன. இவற்றை நாமே வீட்டில் செய்துகொள்ள வேண்டும், அதற்கு இயங்கலை வகுப்பே போதும், முதலில் கற்க வேண்டியது பாவாடை என்பது என் உறுதியான கருத்து. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது மூலையில் கிடந்த தையல் மெஷின்கள் வெளியே வந்தன. முகக்கவரிகளும் மருத்துவமனைகளுக்கான பாதுகாப்பு உடைகளும் வீடுகளில் தைக்கப்பட்டன. அந்தச் சுறுசுறுப்பை நாம் தொடரவில்லை. தமிழில் தையல் கற்பிக்கும் வகுப்புகள் கைபேசியிலேயே கிடைக்கும்போதும் அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆசிரியர் பக்கத்தில் இருந்து கையைத் திருத்தாமல் தையல் வருமா என்று கேட்பவர்கள் ரவிக்கையை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். ரவிக்கைக்கு அது சரியான கேள்வி. கைக்குழி அரை அங்குலம் தவறினால் கையைத் தூக்க முடியாது. டாட் இடம் மாறினால் முன்பக்கம் முழுவதும் இழுக்கும். பாவாடையில் இந்தச் சிக்கல் இல்லை. இடுப்பு 28 அங்குலம், நீளம் 38 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கு நன்றாக விழ, இடுப்பளவைப்போல் மூன்று மடங்கு, அதாவது 84 அங்குலச் சுற்றளவு வேண்டும். 44 அங்குல அகலப் பருத்தித் துணியில் இரண்டு பாகம் வெட்டி இணைத்தால் 88 கிடைத்துவிடும். கீழ் மடிப்புக்கு மூன்று அங்குலம், மேல் தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்தால் ஒவ்வொரு பாகமும் 42 அங்குல நீளம். இரண்டே கால் மீட்டர் வாங்கினால், மிஞ்சும் நான்கு அங்குலத் துண்டில் இடுப்புப் பட்டியும் வந்துவிடும். இதே கணக்கை 60 அங்குல அகலத் துணியில் போட்டால் சுற்றளவு 120 ஆகி, இடுப்பில் சுருக்கு தடித்துப்போகும். ஆகவே வகுப்பில் சொல்லும் மீட்டர் கணக்கு எந்த அகலத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மஸ்ஜித் இந்தியா பக்கம் துணி எடுக்கப் போக வேண்டும். மற்றதெல்லாம் நேர்த்தையல். சுருக்கு இழுக்கும்போது நூல் அறுந்தால் காணொளியை நிறுத்தி, பின்னால் தள்ளி, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். நேரில் அத்தனை முறை கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

இந்தப் பயிற்சியில் எனக்குப் பெரிதாகப் படும் பலன், ஏற்கெனவே அலமாரியில் இருப்பதைத் திருத்தும் திறமை. சிறுமிகளின் பட்டுப் பாவாடையில் கீழே இரண்டு மூன்று வரிசை டக் பிடித்துத் தைப்பது நம் வழக்கம். பிள்ளை வளர வளர ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துவிட்டால் அதே பாவாடை இன்னும் இரண்டு தீபாவளிக்கு வரும். பக்கத் தையலிலும் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டிருப்பார்கள். ஆயத்த ஆடையை உட்புறம் திருப்பிப் பாருங்கள்: பலவற்றில் ஓவர்லாக் ஓடிய கால் அங்குலம்தான் இருக்கும். ஆயிரக்கணக்கில் வெட்டும் தொழிற்சாலைக்கு ஒவ்வோர் அங்குலமும் காசு. விளைவு, மாணவி கொஞ்சம் வளர்ந்ததும் சீருடை வீணாகிறது. தையல் தெரிந்தவர் கடையிலேயே மடிப்பைப் பார்த்து வாங்குவார். இடைநிலைப் பள்ளியின் இளநீலச் சீருடை வாங்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு வெள்ளியை மிச்சப்படுத்தும்!

ஆயத்தப் பாவாடையே மலிவு என்ற மறுப்பு வலுவானது. துணி, நூல், ஜிப், மெஷின் எல்லாம் கூட்டினால் முதல் பாவாடைக்கு அது உண்மையும்கூட. மெஷினை உடனே வாங்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து கூடவே வந்த கால் மெஷின் வீட்டில் இருந்தால், எண்ணெய் விட்டு வார் மாற்றினாலே பெரும்பாலும் ஓடும். அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2013 ஏப்ரல் 24-இல் டாக்கா அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும், வெளிநாட்டு நிறுவனங்களுக்கான துணிகளைத் தைக்க அவர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். இடுப்புப் பட்டியைக் கோணாமல் தைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கையால் அறிந்தவர், விலைச் சீட்டைப் பார்த்ததும் தைத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்பார். நம் ஊர் டெய்லரிடம் ரவிக்கைக் கூலிக்குப் பேரம் பேசவும் அவருக்கு மனம் வராது. டெய்லர்களின் பிழைப்பு கெடும் என்ற அச்சம் எனக்கு இல்லை. அவர்களின் கைத்திறன் தேவைப்படும் வேலையை யாரும் வீட்டில் எளிதில் செய்துவிட முடியாது.

வேலைக்கும் போய், சமையலையும் பார்க்கும் பெண்ணின் தலையில் தையலையும் ஏற்றுவதா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெண்ணுக்கு மட்டும் என்றால் நானும் எதிர்ப்பேன். கூலிக்குத் தைக்கும் கடைகளில் ஆண்கள் காலங்காலமாக மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் மட்டும் அது பெண் வேலையாவதற்கு நியாயமே இல்லை. மகனும் மகளும் ஒன்றாக வகுப்பில் சேரட்டும். திரையால் முடியாததும் ஒன்று உண்டு. தைத்த துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல் சரியாகக் கோக்கப்படவில்லை என்று பொருள். புதிதாகக் கற்பவர் பாபினையே குறை சொல்லித் திண்டாடுவார். கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் சனிக்கிழமைதோறும் நான்கைந்து மெஷின்களைப் போட்டு, அனுபவமுள்ள டெய்லர் ஒருவரை முறையான கட்டணத்துக்கு அமர்த்தினால் இது தீர்ந்துவிடும். தீபாவளி நெருக்கடி முடிந்து கடைகளில் வேலை குறையும் மாதங்களே அதற்கு ஏற்றவை.