நகல் கேட்பவர் யாசகர் அல்ல

நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. பொது ஆவணத்தைப் பார்வையிட உரிமை உள்ளவர் கட்டணம் செலுத்திக் கேட்டால் சான்றிட்ட நகல் கொடுத்தே தீர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 76ஆம் பிரிவில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டமும் அதே கடமையை 75ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. இத்தனை பழைய கடமை இருந்தும், திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்துக் குடியானவர் தம் தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை வழக்கின் தீர்ப்பை எடுக்க நினைத்தால், எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, என்ன நம்பர் என்று சொல்ல நாதியில்லாமல் வக்கீல் குமாஸ்தாவின் பின்னால் நடக்க வேண்டியிருக்கிறது. இந்த நிலையை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வழக்கு ஆவணக் கட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் சிக்கல். திருவெண்ணெய்நல்லூர் இன்று விழுப்புரம் மாவட்டத்தின் தனி வட்டம். நீண்ட காலம் அது திருக்கோவிலூர் வட்டத்து ஊர். 1993 செப்டம்பர் 30இல் விழுப்புரம் மாவட்டம் பிறக்கும் வரை இந்தப் பகுதி முழுவதும் தென்னார்க்காடு; தலைநகர் கடலூர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போய்விட்டது. மாவட்ட எல்லைகளை அரசாணையால் மாற்றிவிடலாம். 1970இல் நடந்த வரப்புத் தகராறு வழக்கின் கட்டு எந்த ஊர் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது என்று அந்த ஆணையைப் படித்துக் கண்டுபிடிக்க முடியுமா? முன்சீப் கோர்ட்டில் ஒன்று, மேல்முறையீட்டுக்காகக் கடலூரில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று என ஒரே குடும்பத்தின் வழக்கை மூன்று ஊர்களில் தேட வேண்டியிருக்கலாம். எல்லைகளைப் பிரித்தபோது, எந்தக் கிராமத்தின் பழைய வழக்குகள் எங்கே இருக்கின்றன என்று பொதுமக்களுக்குப் புரியும்படி ஒரு பட்டியல் போட்டு ஒட்டியிருக்க வேண்டாமா?

ஓ.எஸ். நம்பர், அதாவது அசல் வழக்கின் எண், தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. தெரியாதவருக்கு எதுவுமே தொடங்குவதில்லை. கணினிக்கு முந்தைய வழக்கு என்றால், வாதி பிரதிவாதி பெயரை வைத்து வழக்குப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் புரட்டுவது யார்? கேட்பவர் கைக்கு அது வராது. அலுவலருக்கோ அன்றாட வேலையே மலைபோல் குவிந்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் இடைத்தரகு முளைக்கிறது.

சான்றிட்ட நகல் ஒன்றின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கோரிய நாள், தாள் தாக்கலான நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று தேதிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தேதியும் ஒருவரின் சொத்தைக் காப்பாற்றவோ பறிக்கவோ வல்லது. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். நகல் பெறத் தேவைப்பட்ட காலத்தை அதில் கழித்துக்கொள்ள 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12ஆம் பிரிவில் இடம் தருகிறது; ஆனால் மனுதாரர் தாமே கடத்திய நாள்களுக்கு அந்தச் சலுகை இல்லை. முத்திரைத்தாள் கோரும் பட்டியலோ அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. உரிய நாளுக்குள் தாள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. நாற்று நடவை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து பலகையைப் பார்க்க முடியாத மனிதரின் உரிமை, அவருக்குத் தெரியாமலே காலாவதியாகிறது. வங்கிக் கணக்கில் பத்து ரூபாய் எடுத்தாலும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும் காலம் இது. பலகையில் ஒட்டினோம், எங்கள் கடமை முடிந்தது என்று நீதித்துறை சொல்வதை ஏற்க முடியாது.

வழக்கில் கட்சிக்காரராக இல்லாதவரின் பாடு இன்னும் மோசம். நிலம் வாங்கப் போகிறவர், ஏரிப் புறம்போக்கு வழக்கு என்னவாயிற்று என்று அறிய விரும்பும் ஊர்க்காரர், செய்தியாளர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் மூன்றாம் நபர்கள். ஏன் கேட்கிறாய் என்பதற்குப் பிரமாணப் பத்திரம் போட்டு நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்டுவிடலாமே என்றால், அந்தக் கதவை உச்ச நீதிமன்றமே மூடிவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில், 2020 மார்ச் 4 அன்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற நீதிபதி ஆர். பானுமதி தலைமையிலான அமர்வு, நீதிமன்ற விதிகளிலேயே நகல் பெற வழி இருக்கும்போது தகவல் சட்டத்தை நாட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது.

நீதிமன்ற விதிகளின் வழி சரியாகத் திறந்திருந்தால்தானே தகவல் சட்டத்தின் வழியை மூடியது நியாயமாகும்? தகவல் சட்டத்தில் 30 நாள் கெடு உண்டு. மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். மேல்முறையீடு உண்டு. தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. நகல் பிரிவில் அலைக்கழிக்கப்பட்டவருக்கு இவற்றுக்கு ஈடாக என்ன இருக்கிறது? பிற துறைகளின் கோப்புகளையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் நீதிமன்றம், தன் கோப்பறைக்கு மட்டும் தனி அளவுகோல் வைத்திருப்பது தகாது.

இதைத் திருவெண்ணெய்நல்லூரை முன்வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் மரபு நினைவில் வைத்திருக்கும் மிகப் புகழ்பெற்ற ஆவண வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்கு வந்த முதியவர் அடிமை ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அதைக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை இருக்கிறது என்று முதியவர் வெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறார். அங்கே நடப்பதைச் சேக்கிழார் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்! கரணத்தான் ஓலையை வாங்கி, மடிப்பை நீக்கி, அதன் பழைமையைப் பார்த்து, சபையோர் அனைவரும் கேட்கும்படி வாசிக்கிறான். சாட்சிகளின் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள். சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். வழக்காடியவர் சிவபெருமான் என்பதை விட்டுவிடுங்கள். கேட்டவுடன் பழைய ஆவணம் கிடைத்தது, அது எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ்ப் புலவர் நீதிச்சபை இப்படித்தான் இயங்கும் என்று எழுதினார். இவ்வூர் அருள்துறைக் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாழ்கிறவருக்கு இன்று அந்த அளவு கூடக் கிடைக்கவில்லை.

முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். பட்டா, சிட்டா, வில்லங்க விவரம் எல்லாவற்றையும் வருவாய்த் துறையும் பதிவுத் துறையும் இணையத்தில் ஏற்றிவிட்டன. மின் நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. அதில் பழைய வழக்குக் கட்டுகளை மின்னாக்கம் செய்வதற்கென்றே 2,038 கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பணம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. பாலியல் குற்ற வழக்குகளிலும் குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளிலும் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைத்தே ஆக வேண்டும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைக் காரணம் காட்டி வாய்க்கால் வழக்கையும் பூட்டி வைக்காதீர்கள்.

சென்னை உயர் நீதிமன்றம் தன் மேற்பார்வை அதிகாரத்தைப் பயன்படுத்தி இதைத் திருத்த வேண்டும். தீர்ப்புகளை மின்னாக்குவதற்கும் முன்னால் பழைய வழக்குப் பதிவேடுகளை மின்னாக்குங்கள். எண் கிடைத்தால்தான் கட்டு கிடைக்கும். பிரிந்து போன வட்டங்களின் ஆவணங்கள் எங்கே உள்ளன என்று கிராம வாரியாக வெளியிடுங்கள். பழைய ஆவணங்களை அழிக்க இடம் தரும் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எந்தக் கட்டுகளை அழித்தீர்கள் என்ற பட்டியலும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இல்லாத கட்டைத் தேடி ஏழை அலையக் கூடாது. நகல் மனுவுக்குக் கெடு வையுங்கள். மறுத்தால் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். தாள் கோருவதைக் குறுஞ்செய்தியில் தெரிவியுங்கள். கட்டணமும் வழிமுறையும் தமிழில் எழுதிய பலகை ஒவ்வொரு நகல் பிரிவின் வாசலிலும் இருக்கட்டும். நகல் மனு எழுதித் தருவதை வட்ட சட்டப் பணிகள் குழு தன் அன்றாட வேலையாக ஏற்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நகல் மனுவைக் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். மனு எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம் என்பதை நினைவில் வையுங்கள். சிவில் வழக்கின் கட்சிக்காரர்கள் தீர்ப்புச் சொன்ன உடனே கட்டணம் செலுத்தி நகல் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் கட்டளை இடம் தருகிறது. அதைச் சொல்லியே கேளுங்கள்.