கில்ட் கட்டியவனுக்குப் பக்கத்தில் நிற்பவள்

ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாண அழைப்பு வந்தால் ஆண்களுக்குப் பெரிய யோசனை தேவையில்லை. வாடகைக் கடைக்கு ஒரு நடை போனால் போதும். கில்ட், அதற்கு மேல் கோட்டு, இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, முழங்கால் வரை காலுறை, அந்தக் காலுறையில் செருகிக்கொள்ளச் சின்னக் கத்தி... எல்லாம் ஒரே செட்டாகக் கிடைத்துவிடும். தலைவலி எல்லாம் கூடப் போகும் பெண்ணுக்குத்தான். அவன் கில்ட் பச்சையும் நீலமும் என்றால் இவள் சிவப்பு உடுத்தலாமா? தோளில் டார்டன் துண்டு போட வேண்டுமா? போட்டால் எந்தத் தோளில்?

முதல் கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. டார்டன் என்பது பல நிற நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் கட்டம் போட்ட கம்பளித் துணி. அதில் ஓடும் ஏதாவது ஒரு நிறத்தை எடுத்து, பூவோ கட்டமோ இல்லாத ஒற்றை நிற கவுன் போட்டுக்கொள்ளலாம். பிளாக் வாட்ச் டார்டன் என்றால் கரும்பச்சை அல்லது கருநீலம். ராயல் ஸ்டூவர்ட் பளிச்சென்ற சிவப்பு, அதற்குப் பக்கத்தில் அடக்கமான நிறம் எடுபடும். இதில் சண்டை போட ஒன்றுமில்லை. இரண்டு ஆர்ப்பாட்டமான துணிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கண்ணுக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

சிக்கல் அந்தத் தோள் துண்டில்தான் ஆரம்பிக்கிறது. சாஷ் என்று அதற்குப் பெயர். ஸ்காட்லாந்தில் குலச்சின்னங்களைக் கவனிக்கும் அதிகாரியான லார்ட் லயன் ஒப்புதலோடு வந்த பழைய குறிப்புகள், அதைப் போடும் முறையைச் சொல்கின்றன. சாதாரணக் குலப்பெண் என்றால் வலது தோள். குலத்தலைவி, குலத்தலைவரின் மனைவி, ஸ்காட்டிஷ் படைப்பிரிவின் கர்னல் மனைவி என்றால் இடது தோள். வேறு குலத்தில் கல்யாணம் செய்துகொண்ட பெண் பிறந்த வீட்டு டார்டனையே போட விரும்பினால், வலது தோளில் ஊசி குத்தி, இடது இடுப்பில் பெரிய முடிச்சாகக் கட்ட வேண்டும்.

இவை யோசனைகள்தான், சட்டமல்ல. ஆனாலும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். இவள் யார் வீட்டுப் பெண், யாருடைய மனைவி, எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பதை ஒரு துண்டு ஊருக்கே அறிவிக்கிறது! ஆணின் கில்ட்டில் இப்படி ஒன்றும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அதே கில்ட், அதே மடிப்பு.

இத்தனைக்கும் பெண்களுக்கென்று ஒரு சொந்த உடை அங்கே இருந்தது. எரசாட் என்று பெயர். 1703இல் வெளியான நூலில் மார்ட்டின் மார்ட்டின் அதை வர்ணித்திருக்கிறார். வெள்ளைத் துணியில் கறுப்பு, நீலம், சிவப்பு என மெல்லிய கோடுகள், கழுத்திலிருந்து குதிகால் வரை நீளம், மார்பில் வெள்ளி அல்லது பித்தளைக் கொக்கி.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜேக்கபைட் கலகத்தை அடக்கிய பிறகு, 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஹைலண்ட் உடையைத் தடை செய்தது. மீறினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, இரண்டாம் முறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். ஆனால் அந்தத் தடை ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான். பெண்களின் உடையைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. 1782இல் தடை நீங்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் கில்ட் கட்டி நின்றார். தடை செய்யப்பட்ட உடை தேசிய உடையாகிவிட்டது. தடையே இல்லாத எரசாட்டோ சத்தமில்லாமல் வழக்கொழிந்தது. அதன் ஞாபகமாகத் தோளில் ஒரு துண்டு மட்டும் மிச்சம்.

சரி, பெண்ணும் கில்ட்டே கட்டினால் என்ன? 1950களில் அபாய்ன் ஊர் விளையாட்டு விழாக்காரர்கள், கில்ட் ஆண்கள் உடை, நடனமாடும் பெண்கள் அதைக் கட்டக்கூடாது என்றார்கள். அதற்குப் பதிலாக வந்த பாவாடை உடைக்கு இன்றும் அபாய்ன் டிரெஸ் என்றே பெயர். ஆனால் இன்று ஹைலண்ட் நடனப் போட்டிகளில் பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் கில்ட் கட்டித்தான் ஆடுகிறார்கள். பைப் இசைக்குழுக்களிலும் பெண்கள் கில்ட்டோடு வாசிக்கிறார்கள். ஸ்காட்லாந்து ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை.

மரபை மதிக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். மதிக்கலாம். ஆனால் இன்று பார்க்கும் குல டார்டன்களில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றவை. 2009இல் தொடங்கிய அரசு டார்டன் பதிவேட்டில், கட்டணம் கட்டினால் புது டார்டனையும் பதிந்துகொள்ளலாம். இவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் மரபு, ஒரு பெண்ணின் தோள் விஷயத்தில் மட்டும் ஏன் விறைத்துக்கொள்ள வேண்டும்?

ஸ்காட்டிஷ் கல்யாணங்களில் விருந்து முடிந்ததும் பெரும்பாலும் கேய்லி நடனம் உண்டு. ஸ்டிரிப் த வில்லோ ஆட்டத்தில் ஜோடிகள் கைகோத்துச் சுழலும் வேகத்தில் குதிகால் செருப்பும் தரையில் புரளும் கவுனும் தாங்காது. இவளுக்கு முதலில் தேவை தட்டையான செருப்பும், கால் எட்டி வைக்க இடம் தரும் பாவாடையும், குளிருக்கு ஒரு சால்வையும்தான். டார்டன் வேண்டுமென்றால் பிறந்த வீட்டுடையதோ, புகுந்த வீட்டுடையதோ, மனசுக்குப் பிடித்ததோ, அவள் இஷ்டம். கில்ட்டே பிடித்திருந்தால் அதையும் கட்டட்டும்.

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். ஜோடியாகப் போகிற இடத்தில் ஒருவரைப் பூவாகவும் மற்றவரை நாராகவும் ஏன் பார்க்க வேண்டும்? "அவன் கில்ட்டுக்கு இவள் என்ன உடுத்தலாம்" என்று கேட்பவர்கள், "இவள் கவுனுக்கு அவன் எந்த டார்டன் கட்டலாம்" என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். அந்தக் கேள்வி விசித்திரமாகத் தோன்றினால், முதல் கேள்வியும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும்.