கூலி எடைக்கா, கண்ணிக்கா?

பிள்ளையார்பட்டியில் பின்னல் வேலை கற்ற சகோதரிகள் சிலர், தாம் முடித்த சட்டையொன்றை அண்மையில் நமக்குக் காட்டினர். தொடைவரை நீளும் கம்பளிச் சட்டை. எங்கும் தையல் இல்லை. மார்பில் மட்டும் சிறிது பூவேலை. வெயில் கொளுத்தும் செட்டிநாட்டில் கம்பளி எதற்கு என அன்பர்கள் நகைக்கலாம். வாங்குவோர் உதகையிலும் கொடைக்கானலிலும் இருக்கின்றனர். நகைப்புக்குரியது வேறொன்று: நூல் கொடுத்த வணிகர், முடிந்த சட்டையைத் தராசிலிட்டு எடைக்குக் கூலி அளந்தார்.

இச்சட்டை உருவாகும் முறையை நோக்குவோம். வளையும் வடத்தால் இணைந்த இரு ஊசிகளில் கழுத்திலிருந்து பின்னத் தொடங்குகின்றனர். தோள் அகலுமாறு கண்ணிகளைப் பெருக்கி, கைகளுக்குரியவற்றைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, உடலைக் குழாய்போல் சுற்றிச்சுற்றி இறக்குகின்றனர். பின்னர் நிறுத்திய கண்ணிகளை எடுத்துக் கைகளை முடிக்கின்றனர். வெட்டுவதில்லை, ஆதலின் துணி வீணாவதில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டருக்கு 20 கண்ணியும் 28 வரிசையும் கொண்ட பின்னலில், சுற்றளவு 100, நீளம் 75 சென்டிமீட்டர் உள்ள உடற்பகுதிக்கு மட்டும் 42,000 கண்ணிகள் வேண்டும். நிமிடத்திற்கு 30 கண்ணி எனினும் 23 மணி நேரத்திற்கு மேலாகும். மெல்லிய நூலில் 28 கண்ணி, 36 வரிசை எனப் பின்னினால் அதே அளவுக்கு 75,600 கண்ணிகள், 42 மணி நேரம்! ஆனால் சட்டையோ எடை குறைந்தது. உழைப்பு ஏற ஏறக் கூலி இறங்குகிறது. எடைக்கூலி நுண்வேலைக்கு விதிக்கும் அபராதமன்றி வேறென்ன?

எடை பார்ப்பது எளிது என்பர் சிலர். கண்ணி எண்ணுவதும் எளிதே. மாதிரித் துண்டொன்றைப் பின்னி, நனைத்து உலர்த்தி, பத்து சென்டிமீட்டருக்குள் எண்ணினால் போதும். எஞ்சியது பெருக்கல் வாய்ப்பாடு. மாதிரியை நனையாமல் அளப்பது தவறு. பருத்தி நூலாயின், நீண்ட சட்டை தன் பாரத்தாலேயே மேலும் தொய்யும். அதையும் கருத வேண்டும். தராசு, கொடுத்த நூலுக்கும் திரும்பி வந்த நூலுக்கும் கணக்குப் பார்க்க இருக்கட்டும்.

பூவேலைக்குத் தனிக்கூலி வேண்டும். திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்கள் குழாய்த் துணியை மளமளவெனத் தள்ளுகின்றன. வெறும் பின்னலில் அவற்றோடு கை போட்டியிட இயலாது. நீலகிரித் தோடர் பெண்கள் வெண்பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் இழையெண்ணித் தைக்கும் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அஃது அவர்களுடைய சொத்து. நாம் படியெடுத்தல் முறையன்று. நம் சகோதரிகளுக்குப் புள்ளிக் கோலம் கைவந்தது. புள்ளி எண்ணும் விரலுக்குக் கண்ணி எண்ணத் தெரியாதா? கண்ணியின் போக்கிலேயே, துணி சுருங்காவண்ணம் இழுக்காமல் தைத்தால் அவ்வலங்காரமே போதும்.

பின்னல் தொழிலை மேற்கொள்ள விரும்பும் சங்கங்கள், முதல் நூற்கண்டை வழங்குமுன் கூலி விகிதத்தைத் தீர்மானமாக எழுதி, உறுப்பினர் காணும்படி சுவரில் ஒட்டுக. எடைக்குக் கூலி கொடுப்பதையே நாமும் தொடர்வோமாயின், வணிகருக்குப் பதில் சங்கம் எதற்கு?