ஆப்கானிஸ்தான் அழகுதான்... ஆனால் அந்த வீடியோவில் பெண்கள் எங்கே?

காய்ந்து கிடக்கும் பழுப்பு மலைகள். நடுவே கடல் போல அடர்நீலத்தில் ஓர் ஏரி. ட்ரோன் மெல்ல மேலே எழும்ப, அடுத்தடுத்து இன்னும் சில ஏரிகள். "இது ஆப்கானிஸ்தானா? நம்பவே முடியலையே!" பந்த்-இ-அமீர் பற்றிய பயண ஆவணப்படத்தை முதல்முறை பார்க்கும் யாருக்கும் இப்படித்தான் தோன்றும்.

அந்த ஆச்சரியத்தில் தப்பில்லை. ஆப்கானிஸ்தான் என்றாலே துப்பாக்கி, குண்டுவெடிப்பு, அகதிகள் என்றுதான் பல ஆண்டுகளாகச் செய்திகளில் பார்த்திருக்கிறோம். அந்த நாட்டில் மலையும் ஏரியும் டீக்கடையும் சிரித்துப் பேசும் மனிதர்களும் உண்டு என்று காட்டுவது நல்ல விஷயம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அப்படி என்ன இருக்கு அங்கே?

பாமியன் மாகாணத்தில், இந்துகுஷ் மலைகளுக்கு நடுவே சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன இந்த 6 ஏரிகள். அவற்றைத் தாங்கி நிற்கும் சுவர்களை யாரும் கட்டவில்லை. தண்ணீரில் கரைந்துவரும் சுண்ணாம்புச் சத்து காலம் காலமாகப் படிந்து படிந்து, அதுவே அணையாகிவிட்டது. 'பந்த்' என்றால் அணை என்றுதான் அர்த்தம். ஏரிகளின் பெயர்களில் இரண்டு நமக்கும் பழக்கமானவை: பனீர், புதினா! 2009-ல் இந்த இடம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதே பாமியனில்தான் 55 மீட்டர், 38 மீட்டர் உயரத்தில் இரண்டு புத்தர் சிலைகள் மலையைக் குடைந்து செதுக்கப்பட்டிருந்தன. 2001 மார்ச்சில் தாலிபன்கள் அவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று மிச்சமிருப்பது வெற்று மாடங்கள். பயண வீடியோக்களில் அதுவும் ஒரு 'ஸ்பாட்'.

ஃப்ரேமுக்கு வெளியே...

முன்பு விடுமுறை நாள்களில் பந்த்-இ-அமீருக்கு ஆப்கன் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வரும். அன்னப்பறவை வடிவப் படகுகளில் பெண்களும் குழந்தைகளும் சுற்றுவார்கள். பூங்காவில் பெண் வனக்காவலர்கள்கூட வேலை பார்த்தார்கள்.

2023 ஆகஸ்ட்டில் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பெண்கள் ஹிஜாபைச் சரியாக அணிவதில்லை என்று சொல்லி, அவர்களைப் பூங்காவுக்குள் விட வேண்டாம் எனத் தாலிபன் அரசின் ஒழுக்கநெறி அமைச்சர் பாதுகாப்புப் படையினரைக் கேட்டுக்கொண்டார். சுற்றிப் பார்ப்பது பெண்களுக்குக் கட்டாயமான விஷயமில்லை என்பது அவர் தந்த விளக்கம்.

இதற்கு முன்பே 2021-ல் பெண் குழந்தைகளுக்கு மேல்நிலைக் கல்வி நிறுத்தப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் மூடப்பட்டன. பொது இடத்தில் பெண்கள் முகத்தை மூட வேண்டும், அவர்கள் குரல் வெளியே கேட்கக் கூடாது என்று 2024 ஆகஸ்ட்டில் சட்டமே வந்துவிட்டது.

ஆக, எங்கிருந்தோ விமானம் ஏறி வரும் யூடியூபர் அந்த ஏரிக்கரையில் நின்று செல்ஃபி எடுக்கலாம். பக்கத்து ஊர்ப் பெண்ணுக்கு அதே கரை தடைசெய்யப்பட்ட இடம்.

"அரசியலைக் கலக்காதீங்க ப்ளீஸ்"

இதைப் பேசினால் வரும் முதல் பதில், "இது டிராவல் வீடியோ, அரசியல் எதுக்கு?" என்பது. ஆனால் ஓர் இடத்துக்கு யார் போகலாம், யார் போகக் கூடாது என்பதைவிட பயணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய விஷயம் வேறு என்ன இருக்க முடியும்? பார்க்கிங் கட்டணம், ஹோட்டல் வாடகை எல்லாம் சொல்லும் வீடியோ, பாதி மக்களுக்கு அனுமதியே இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுவது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு வசனமும் அடிக்கடி வரும்: "மீடியா சொல்றதெல்லாம் பொய், இங்கே எல்லாம் சேஃப்." 2024 மே மாதம் அதே பாமியனில் துப்பாக்கிச்சூட்டில் 3 ஸ்பெயின் சுற்றுலாப் பயணிகளும், உடன் இருந்த ஆப்கானியர்களும் கொல்லப்பட்டார்கள். ஒருவருக்கு ஒரு வாரம் பத்திரமாகக் கழிந்தது என்பது அவருடைய அனுபவம் மட்டுமே. நாட்டுக்கே அது சான்றிதழ் ஆகாது.

அப்போ பார்க்கவே கூடாதா?

தாராளமாகப் பார்க்கலாம். சுற்றுலாவை நம்பி அங்கே டிரைவர்கள், வழிகாட்டிகள், சின்னச் சின்ன விடுதிக்காரர்கள் பிழைக்கிறார்கள். நாட்டை மொத்தமாக ஒதுக்கிவைத்தால் முதல் அடி அவர்களுக்குத்தான்.

வீடியோ எடுப்பவர்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அங்கே பெண்களைப் படம்பிடிப்பது அவர்களுக்கே ஆபத்தாக முடியலாம். அதனால் கேமராவில் காட்ட முடியாததை வாயால் சொல்லலாமே! 40 நிமிட வீடியோவில் ஒரு நிமிடம் போதும்.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சந்தை, உணவகம், ஏரிக்கரை என ஒவ்வொரு காட்சியிலும் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒருமுறை கவனிப்பது. 'எவ்வளவு அழகான நாடு' என்று ஷேர் செய்யும்போது, அந்த அழகைப் பார்க்க அந்த நாட்டுப் பெண்களுக்கே அனுமதியில்லை என்ற ஒரு வரியையும் சேர்த்து அனுப்பலாம்.