டிவி பேசினால் போதுமா?

ஒடுக்கப்பட்டோர் ஆங்கிலம் கற்க வேண்டுமென்று 1854லேயே கவிதை எழுதினார் சாவித்திரிபாய் புலே. தமிழக அரசு 2019ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, மறுவருஷம் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது ஆங்கிலப் பாடத்தையும் வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் டிவி பேசும். புள்ளை பதில் சொன்னா அதுக்குக் கேக்காது. மேட்டுக்குடி வீட்டில் ஆங்கிலத்தில் பதில் பேச அப்பா, அம்மா உண்டு. டோல்கேட்டில் ஹார்பர் வேலைக்குப் போறவர் புள்ளைக்கு யார் இருக்கா?

மாலை வகுப்பு எடுக்கும் தோழர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீடியோவை ஓடவிட்டு ஒதுங்காதீர்கள். ரெண்டு நிமிஷக் காட்சி போதும். கீழே ஆங்கில எழுத்தே ஓடட்டும். காது கேட்பதைக் கண் படிக்கும். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன பேசுவாங்க என்று கேளுங்கள். புள்ளை தப்பும் தவறுமா ஆங்கிலத்திலேயே சொல்லட்டும். யாரும் சிரிக்கக் கூடாது. அவர்களுக்கு வீட்டிலேயே கிடைக்கிற அந்தத் தைரியத்தை நம்ம புள்ளைக்கு நம்ம வகுப்புதான் தரணும்.