கைவைத்தியமும் கைக்குழந்தையும்

மார்கழி பிறந்துவிட்டால் நம்ம ஆழ்வார்திருநகரியில் விடியக்காலம் பாசுரத்தோடு இருமல் சத்தமும் சேர்ந்தே கேட்கும். ஆற்றுப் பனி அப்படி. அந்த நேரத்தில் சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு, நாலு மிளகும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கவைத்த காப்பிக்கு ஈடு கிடையாது. சளி வைரஸால் வருவது. சுக்கு அதைக் கொல்லாது, ஆன்டிபயாடிக் மாத்திரையும் கொல்லாது. ஒரு வாரம், பத்து நாளில் அதுவாகப் போகும். அதுவரைக்கும் தொண்டைக்கு இதம் வேண்டும், ராத்திரி தூக்கம் வேண்டும். அதற்குத்தான் சுக்குக் காப்பியும், மிளகு ரசமும், கல் உப்பு போட்டுக் கொப்பளிக்கும் வெந்நீரும்.

கருப்பட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் அதே பெயரில் சந்தைக்கு வருகிறது. தெரிந்த ஆளிடம் வாங்குங்கள். அசல் கருப்பட்டியே ஆனாலும் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு அது இனிப்புதான். ‘கருப்பட்டிதானே’ என்று மூன்று வேளையும் குடிப்பவர்கள் நம் வயதில் நிறையப் பேர்.

என் கவலை பேரப்பிள்ளைகளைப் பற்றியது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். ‘கோல்ட்ரிஃப்’ என்ற அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் அதில் இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் விஷம். ‘அதுக்குத்தான் பாட்டி வைத்தியமே மேல்’ என்று அப்போது எல்லாரும் பேசினோம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிரப்பைச் சின்னக் குழந்தைக்கு ஊற்றக் கூடாது, சரி. ஆனால் பாட்டி வைத்தியத்திலும் ஆபத்து இருக்கிறது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, உடம்பைத் தளர வைத்துவிடும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்கு இறங்கும். கற்பூரம் கலந்த தைலம் இரண்டு வயதுக்குள் ஆகாது, நெஞ்சில் தடவினாலும் உடம்புக்குள் போகும், வலிப்பு வரலாம். வேது பிடிப்பது, நொச்சி இலையெல்லாம் போட்டு, பெரியவர்களுக்குச் சுகம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பிடித்தால் சட்டி கவிழ ஒரு நொடி போதும்.

அப்படியானால் என்னதான் செய்வது என்று மருமகளிடம் கேட்காமல் நம்மிடம் கேட்பார்கள், அதுவும் தெரியும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். மூக்கடைப்புக்கு டாக்டர் எழுதித் தரும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நமக்கும் அப்படித்தான், காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலோ மூச்சு முட்டினாலோ.

சுக்குக் காப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றி எடுத்துக்கொண்டே போகலாம். அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும்.